‘ஆபத்து இல்லை’னு காட்டினா கம்ப்யூட்டர் சேஃபா? ஒரு ஃபைலை ஆன்ட்டி வைரஸ் எப்படி சோதிக்கிறது?

பென்டிரைவைச் செருகி ஸ்கேன் கொடுத்ததும் திரையில் ‘ஆபத்து எதுவும் இல்லை’ என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்த நிம்மதியில் உள்ளே இருக்கிற எல்லாத்தையும் திறந்துடுவோம். ஆனால் அந்த வரிக்கு உண்மையான அர்த்தம், ‘எனக்குத் தெரிந்தவரை ஆபத்து எதுவும் கண்ணில் படவில்லை’ என்பதுதான்.

இந்த வித்தியாசம் சாதாரணமானது இல்லை. கல்யாண போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் காப்பி, பசங்களோட புராஜெக்ட் என எல்லாம் இருப்பது அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். ரேன்சம்வேர் வகை வைரஸ் ஒன்று உள்ளே நுழைந்தால் அத்தனையையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். சரி, ஆன்ட்டி வைரஸ் எதை, எப்படிப் பார்க்கிறது? வாங்க, பார்க்கலாம்.

ஸ்கேன் எப்போது நடக்கிறது?

நாம் ஸ்கேன் பட்டனை அழுத்தும்போது மட்டும்தான் சோதனை நடக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேலை சத்தமே இல்லாமல் பின்னணியில் நடக்கிறது. ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்ததும், விண்டோஸ் அதைத் திறப்பதற்கு முன்பே ஆன்ட்டி வைரஸ் குறுக்கே வந்து சோதித்துவிடும். டவுன்லோடு செய்வது, காப்பி செய்வது எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஒருமுறை பார்த்த ஃபைல் மாறாமல் இருந்தால், அதை மறுபடி முழுசா சோதிக்காமல் விடுவதும் உண்டு. இரண்டாவது ஸ்கேன் சீக்கிரம் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் சோதனை: அங்க அடையாளம்

ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்கள் ஒரு பெரிய பட்டியலாக ஆன்ட்டி வைரஸிடம் இருக்கும். இதைத்தான் ‘சிக்னேச்சர்’ என்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் தேடப்படும் குற்றவாளிகளின் படம் ஒட்டியிருக்குமே, அது மாதிரி.

ஃபைலின் மொத்த உள்ளடக்கத்தையும் கணக்குப் போட்டு ‘ஹேஷ்’ என்ற கைரேகையை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிடுவது ஒரு வழி. ஆனால் ஃபைலில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் ஹேஷ் முழுசா மாறிவிடும். அதனால் வைரஸ் கோடின் குறிப்பிட்ட பகுதிகள் ஃபைலுக்குள் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுவார்கள்.

இதற்கு ஒரு சுவாரஸ்யமான உதாரணம் ‘எய்கார்’ சோதனை ஃபைல். வெறும் 68 எழுத்துகள் கொண்டது, எந்தக் கெடுதலும் செய்யாது. இதை வைரஸாகவே காட்ட வேண்டும் என்று ஆன்ட்டி வைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருப்பதால், பார்த்ததும் அலாரம் அடிக்கும். அதாவது இந்தச் சோதனையில் ஃபைல் நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பே கிடையாது. பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான்.

இரண்டாவது சோதனை: சந்தேகம்

நேற்று ராத்திரி எழுதிய வைரஸ் பட்டியலில் எப்படி இருக்கும்? அங்கேதான் இந்தச் சோதனை உதவுகிறது. போட்டோ என்று பெயர் வைத்திருக்கிற ஃபைல் உள்ளே புரோகிராமாக இருக்கிறதா? கோடைத் தேவையில்லாமல் சுருக்கி மறைத்திருக்கிறார்களா? இப்படிப் பல அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்து ஆன்ட்டி வைரஸ் ஒரு முடிவுக்கு வரும்.

2000-ம் ஆண்டு மே மாதம் உலகத்தையே கலங்கடித்த ‘ஐ லவ் யூ’ வைரஸ் இந்தப் பெயர் தந்திரத்தில்தான் பரவியது. இ-மெயிலில் வந்த காதல் கடிதம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போலத் தெரிந்தது. பெயரின் கடைசியில் இருந்த நிஜமான வகையை விண்டோஸ் மறைத்துவிட்டதால், பலரும் நம்பித் திறந்தார்கள்.

மூன்றாவது சோதனை: நடத்தை

சில புரோகிராம்கள் பார்க்க நல்லபிள்ளையாக இருக்கும். ஓடவிட்டால்தான் குணம் தெரியும். அதனால் சந்தேகமான ஃபைலை ஒரு போலிச் சூழலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சில ஆன்ட்டி வைரஸ்கள் ஃபைலைச் சில நொடிகள் நிறுத்திவைத்து, நிறுவனத்தின் சர்வரிடமும் கேட்கும்.

ஓட ஆரம்பித்த பிறகும் கண்காணிப்பு தொடரும். ஒரு புரோகிராம் திடீரென நூற்றுக்கணக்கான போட்டோக்களைத் திறந்து பூட்ட ஆரம்பித்தால், அது ரேன்சம்வேராக இருக்கலாம் என்று தடுக்கப்படும். சிக்கிய ஃபைலை உடனே அழிக்காமல் ‘குவாரன்டைன்’ என்ற தனிமைச் சிறையில் வைப்பதும் வழக்கம்.

ஏன் உடனே அழிப்பதில்லை? தப்பும் நடக்கும் என்பதால்தான். 2010 ஏப்ரல் 21-ல் மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி-யின் முக்கியமான சிஸ்டம் ஃபைலையே வைரஸ் என்று நினைத்துவிட்டது. பல கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன.

ஸ்கேனில் சிக்காதது எது?

பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலின் உள்ளே இருப்பதை ஆன்ட்டி வைரஸால் பார்க்க முடியாது. மோசடிக்காரர்கள் ஜிப்பையும் பாஸ்வேர்டையும் ஒரே மெயிலில் அனுப்புவது இதனால்தான்.

அடுத்து, அப்டேட் செய்யாத விண்டோஸ். 2017 மே 12-ல் பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’ ரேன்சம்வேர், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது நாமே கதவைத் திறந்துவிடுவது. கிராக் செய்த சாஃப்ட்வேரோடு ‘ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க’ என்று ஒரு குறிப்பு வரும். அதை ஆஃப் செய்தால் மேலே சொன்ன மூன்று சோதனையும் போச்சு. வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு உள்ளே வருகிறவரை நம்புவீங்களா?

நாம் என்ன செய்யணும்?

* விண்டோஸ் 10, 11-ல் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ரியல் டைம் பாதுகாப்பு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.
* ஒரே நேரத்தில் இரண்டு ஆன்ட்டி வைரஸ் வேண்டாம். ஒரே ஃபைலுக்கு இரண்டும் மல்லுக்கட்டினால் கம்ப்யூட்டர்தான் ஸ்லோவாகும்.
* விண்டோஸ் அப்டேட்டையும் ஆன்ட்டி வைரஸ் அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். பட்டியல் பழசானால் புதுத் திருடன் தெரியாது.
* ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பகுதியில், ஃபைல் வகையைக் காட்டும் வசதியை ஆன் செய்யுங்கள்.
* வைரஸ் இருக்குமோ என்று பலமான சந்தேகமா? டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைப் போடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசாக எழும்புவதற்கு முன்பே சோதிக்கும்.
* முக்கியமான போட்டோ, ஆவணங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மூன்று சோதனையையும் தாண்டி ஒரு வைரஸ் உள்ளே வந்தாலும், அலமாரியில் இருக்கிற அந்தக் காப்பியை அதால் தொட முடியாது.