ஏற்றம் வேலையைக் குறைக்கிறதா?

நெம்புகோல் பாடம் முடிந்தபின் "எளிய இயந்திரம் என்ன செய்கிறது?" என்று கேட்டால், "வேலையைக் குறைக்கிறது" என்றே பல மாணவர்கள் சொல்வார்கள். பேச்சு வழக்கில் இது சரி; அறிவியலில் தவறு. இதில் தெளிவு பெறாத மாணவர் பின்னர் ஆற்றல் அழிவின்மை விதியையும் மனப்பாடமாகவே படிப்பார். இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது ஏற்றம்.

வீரகேரளம்புதூர் வட்டாரப் பிள்ளைகளுக்குக் கிணறும் மோட்டாரும் தெரியும். ஏற்றம் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்வேன். மறுநாள் கரும்பலகையில் படம் வரைவோம். துலாவைத் தாங்கும் இடம் ஆதாரப்புள்ளி. முன்முனையில் தொங்கும் சால் பளு. துலாவின் பின்பகுதியில் நடப்பவரின் எடையே விசை. ஆதாரப்புள்ளி நடுவில் இருப்பதால் இது முதல்வகை நெம்புகோல்.

இனி ஒரு கணக்கு. துலாவின் எடையையும் உராய்வையும் விட்டுவிடுவோம். நீருடன் சாலின் எடை 150 நியூட்டன். ஆதாரப்புள்ளியிலிருந்து அதன் தூரம் 3 மீட்டர். மிதிப்பவரின் எடை 450 நியூட்டன். அவர் 1 மீட்டர் தூரத்தில் நின்றால் துலா சமநிலையில் இருக்கும் (150 × 3 = 450 × 1). சற்றுப் பின்னே நகர்ந்தால் சால் மேலேறும். முன்னே வந்தால் இறங்கும். ஏற்றத்தில் முன்னும் பின்னும் நடப்பது இதற்காகத்தான்.

சால் 3 மீட்டர் உயர, அவர் 1 மீட்டர் தாழ்கிறார். இருபுறமும் வேலை 450 ஜூல். ஆக, வேலை குறையவில்லை. விசைகூடக் குறையவில்லை, மும்மடங்காகியிருக்கிறது! அப்படியானால் லாபம் என்ன? சால் மும்மடங்கு தூரம் உயர்கிறது. கைகளால் இழுப்பதற்குப் பதில் உடல் எடை பயன்படுகிறது. துலாவின் சரிவில் ஏறும்போது கால்கள் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

பாறையைப் புரட்டும் கடப்பாரை இதற்கு நேர்மாறு. அங்கே விசை மிச்சம். கை நகரும் தூரம் அதிகம்.

வகுப்பில் செய்துபார்க்க 30 செ.மீ. அளவுகோல், ஓர் அறுகோணப் பென்சில், ஐந்து ஒரேவகை நாணயங்கள் போதும். பென்சிலை அளவுகோலின் நடுவில் குறுக்காக வையுங்கள். ஒருபுறம் 12 செ.மீ. தூரத்தில் 1 நாணயம், மறுபுறம் 3 செ.மீ. தூரத்தில் 4 நாணயங்கள் வைத்தால் சமநிலை கிட்டும். எந்தப்புறம் அதிகம் நகர்கிறது என்று மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள்.

பிறகு பாக்குவெட்டி, துடைப்பம், இடுக்கி ஆகியவற்றைக் காட்டி, "இதில் நமக்கு மிச்சம் விசையா, தூரமா?" என்று கேளுங்கள். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது என்று மாணவர் சொல்லிவிட்டால், பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.