பராசக்திக்கு இரண்டு பிறந்தநாள்

மிக்கி மவுஸுக்குப் பிறந்தநாள் நவம்பர் 18. 1928-ல் அன்றுதான் 'ஸ்டீம்போட் வில்லி' கார்ட்டூன் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. படம் வந்த தேதியே எலிக்குப் பிறந்தநாள்; வருஷா வருஷம் மாறாது. நம் படங்களுக்கு விஷயம் அவ்வளவு சுலபமில்லை நண்பர்களே. எல்லாம் தீபாவளி ரிலீஸ் செய்யும் வேலை!

'பராசக்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் எழுதிய கலைஞர், அன்றைய நம் தஞ்சை மாவட்டத்துத் திருக்குவளைக்காரர். படம் வந்தது 1952 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, தீபாவளி. ஆண்டு விழாவை அக்டோபர் 17-ல் கொண்டாடுவதா, தீபாவளியன்றா? "ரெண்டும் ஒண்ணுதானே மாப்ளே?" என்றால், இல்லை. பொங்கல் சூரியக் கணக்கு. இப்போதெல்லாம் ஜனவரி 14, 15-ஐத் தாண்டாது. தீபாவளியோ அமாவாசையை ஒட்டி வருவது. சந்திரனின் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். ஆகவே அடுத்த வருஷம் 11 நாள் முன்னால் ஓடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு அமாவாசை கூடுதலாக வந்து அதைப் பின்னால் இழுத்துவிடும்.

அப்போ இரண்டும் எப்போது சேரும்? கால்குலேட்டரை எடுங்கள். 29.5306-ஐ 235-ஆல் பெருக்கினால் 6939.69 நாள். 365.2422-ஐ 19-ஆல் பெருக்கினால் 6939.60. வித்தியாசம் சுமார் 2 மணி நேரம்! அதாவது 19 வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளி ஏறக்குறைய பழைய தேதிக்கே வரும், ஒரு நாள் முன்னே பின்னே. 1952-க்கு 57 வருஷம் கழித்து, 2009-ல், தீபாவளி அச்சாக அக்டோபர் 17. 2028-லும் அப்படியே.

மாயவரத்தில் பிறந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 அக்டோபர் 16 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. கேட்டால் மூன்று வருஷம் போலிருக்கிறது, இல்லையா? சிவில் பசங்களுக்குத் தெரியும்: மூன்று மைல் கல்லுக்கு நடுவே இரண்டு மைல்தான். 1946 தீபாவளி அக்டோபர் நாலாம் வாரம். ஆக, இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடினாலே மூன்று தீபாவளி. (அதுவே பெரிய சாதனை. அதில் பெரும்பகுதி நாள் பாகவதர் சிறையில் இருந்தார்.)

முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது 1931 அக்டோபர் 31. கதாநாயகி நம் சாலியமங்கலத்தில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி. இதையும் தீபாவளி ரிலீஸ் என்று சிலர் எழுதுகிறார்கள். நம் கணக்கைப் போடுவோம். 2007-ல் தீபாவளி நவம்பர் 8. நாலு பத்தொன்பது, அதாவது 76 வருஷம் பின்னால் போனால் 1931. அப்போதும் நவம்பர் 8, 9 வாக்கில்தான். காளிதாஸ் வந்து ஒரு வாரம் கழிந்த பிறகே பட்டாசு வெடித்திருக்கிறது. அன்று கிழமை சனி. அதே வருஷம் மார்ச் 14-ல் பம்பாயில் வந்த இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா'வும் சனிக்கிழமைதான்!