விடுமுறை தந்த உறவுகள்

நம் சங்க விழாவில் குழந்தைகளைக் கவனியுங்கள். பெரியவர்கள் எல்லோருமே அவர்களுக்கு 'அங்கிள்', 'ஆண்ட்டி'தான். தமிழிலோ அப்பாவுடன் பிறந்தவள் அத்தை. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சித்தி. ஒவ்வொருவருக்கும் தனி உரிமை, தனிக் கடமை.

இதை எங்களுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. கோடை விடுமுறைதான் கற்றுத் தந்தது. 1960களின் கடைசியில் எழும்பூரில் மீட்டர்கேஜ் ரயில் ஏறுவோம். விழுப்புரத்தில் மின்சார எஞ்சின் போய் நீராவி எஞ்சின் வரும். பிறகு கண்ணெல்லாம் கரித்தூள். கும்பகோணத்தில் தாத்தா வீடு. அத்தை எண்ணெய் தேய்த்துவிடுவாள். மே மாதக் காவிரி மணலில் ஊற்றுத் தோண்டச் சித்தப்பா சொல்லித் தருவார். சண்டை வந்தால் பாட்டி தீர்ப்பு. ஒரே மாதத்தில் உறவு முறை தானாகப் பதிந்துவிடும்.

இன்று டெல்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு இரண்டே இரவு. 60 நாள் முன்பே பதிவு செய்யலாம். பெரியவர்கள் இருக்கும்போதே குழந்தைகளை ஊருக்கு அனுப்பி வையுங்கள்.