பெத்தது எத்தனை, நின்னது எத்தனை?

எங்கள் பாட்டியிடம் 'உனக்கு எத்தனை பிள்ளைங்க?' என்று கேட்டால் ஒற்றை எண்ணாகப் பதில் வராது. 'பெத்தது ஒம்பது, நின்னது நாலு' என்பாள். அவள் தலைமுறைப் பெண்கள் பலரும் இப்படித்தான் கணக்குச் சொன்னார்கள். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள், பிச்சை என்பார்கள், மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். மதிப்பில்லாததை எமன் தொட மாட்டான் என்கிற நம்பிக்கை. இன்று அந்தப் பெயர்கள் அருகிவிட்டன. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 13. இரண்டு மூன்று தலைமுறைக்குள் நடந்த பெரிய மாற்றம் இது. மறுக்கிறதுக்கில்லை.

ஆனால் இந்த மாற்றத்தை நாம் சொல்லுகிற விதம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நாடு வளர்ந்தது, மருத்துவம் வந்தது, சாவு குறைந்தது என்று நேர்கோட்டில் ஒரு முன்னேற்றக் கதையாடல். சிசு மரண விகிதம் என்பது ஒரு சராசரி. ஆயிரம் பிறப்புக்கு எத்தனை சாவு என்று அது சொல்லும்; செத்தது யார் வீட்டுக் குழந்தை என்று சொல்லாது. நாடு என்கிற அலகை வைத்து ஒப்பிடும்போது இந்தக் கேள்வியே காணாமல் போய்விடுகிறது.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். ஏழை நாடும் தன் குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்பதற்குப் பொருளாதார அறிஞர்கள் கேரளத்தோடு சேர்த்துக் காட்டிவந்த உதாரணம் அது. 1931இலேயே வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் ஜனங்கள் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கேட்டார்கள். ரேஷன் அரிசி, இலவசக் கல்வி, இலவச மருத்துவம் என்று அடுத்தடுத்து வந்தன. டிடிடி தெளித்து மலேரியாவை ஒடுக்கியதும் சேர, 1946இல் 141ஆக இருந்த சிசு மரண விகிதம் அடுத்த ஆண்டே 101 ஆனது.

இதே நாட்டில்தான் மலையகத் தோட்டங்களும் இருந்தன. தமிழகத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்களின் வாரிசுகளில் பெரும்பாலோரை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போனது. ஓட்டில்லாத சனத்தைத் தேடி யார் வரப்போறாங்க? ஊர்களுக்கு வந்த அரசு மருத்துவம் தோட்டத்து எல்லையோடு நின்றுகொண்டது. உள்ளே மருத்துவம் பார்ப்பது நிர்வாகத்தின் பாடு. குடும்பம் முழுக்க ஒற்றை லயக் காம்பராவில். வயிற்றில் பிள்ளையோடு பெண்கள் கொழுந்து பறித்தார்கள். 1974 உணவு நெருக்கடியில் ரேஷன் குறைந்தபோது, சொந்தமாகத் துண்டு நிலமும் இல்லாத இவர்களிடையே பட்டினிச் சாவு விழுந்தது. அந்த ஆண்டு நாட்டுச் சராசரி ஐம்பதை ஒட்டி இருந்தது. தோட்டங்களில் அது நூறைத் தாண்டியது. உலகம் மெச்சிய சராசரிக்குள் இந்தக் குழந்தைகளும் அடக்கம்.

செல்வம் பெருகினால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்கிற வாதமும் நிற்கவில்லை. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு விகிதம் 5.6. பிரித்துப் பார்த்தால் வெள்ளைத் தாய்மாரின் குழந்தைகளுக்கு 4.5, கறுப்புத் தாய்மாரின் குழந்தைகளுக்கு 10.9. நம்மிடமும் இதே கதைதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியச் சராசரி 35 என்றால், தலித், பழங்குடிக் குழந்தைகளுக்கு 40க்கு மேல்.

குழந்தை இறந்தால் நிமோனியா, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஓட்டில்லாமை, சாதி, நிறம் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. ஆனால் எந்தக் குழந்தைக்கு எடை குறையும், எந்தக் குழந்தைக்கு நல்ல தண்ணீர் கிடைக்காது, எந்த ஊருக்கு நர்ஸ் வரமாட்டார் என்பதையெல்லாம் தீர்மானிப்பவை அவைதாம்.

எனவே விகிதம் குறைந்துவிட்டது என்று ஒவ்வொரு முறை அறிவிக்கப்படும்போதும் 'யாருக்கு?' என்று நாம் கேட்டாகணும். சாதிவாரியாக, தோட்டம், சேரி, மலைக்கிராமம் வாரியாகக் கணக்கைப் பிரித்துக் கேட்பது ஒரு அரசியல் கோரிக்கை. எழுத்துக் கூட்டவும் தெரியாத என் பாட்டி கணக்குச் சொல்லும்போது, செத்துப்போன அஞ்சையும் விட்டுவிட்டுச் சொன்னதேயில்லை.