'டெட்லைன்': தாண்டினால் திட்டு அல்ல, துப்பாக்கிச் சூடு! ஆபீஸ் வார்த்தையின் சிறைக் கதை

"இன்னிக்கு ஈவ்னிங்தான் டெட்லைன்!" ஐடி கம்பெனியோ, பேங்க்கோ, பத்திரிகை அலுவலகமோ, இதைக் கேட்காத ஊழியர் இருக்க முடியாது. ஆனால், இந்த வார்த்தைக்கும் கடிகாரத்துக்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே இல்லை. தரையில் இருந்த ஓர் எல்லைக்குத்தான் அந்தப் பெயர்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். 1864 பிப்ரவரியில், ஜார்ஜியா மாகாணத்தின் ஆண்டர்சன்வில்லில் தென் மாகாணங்களின் தரப்பு ஒரு போர்க்கைதிகள் முகாமைத் திறந்தது. மரக்கட்டைகளை நெருக்கமாக நட்டு எழுப்பிய உயரமான மதில், உள்ளே திறந்தவெளி. அவ்வளவுதான் சிறை. மதிலில் இருந்து சுமார் 19 அடி உள்ளே தள்ளி, சின்னக் கம்பங்கள் மேல் சட்டம் அடித்த ஒரு தாழ்வான வேலி. யார் வேண்டுமானாலும் ஈஸியாகத் தாண்டிவிடலாம். தாண்டினால், மேலே கூண்டில் நிற்கும் காவலர் சுடுவார். அதுதான் 'டெட் லைன்'.

தப்பிக்க நினைத்தவர்கள் மட்டும்தான் மாட்டினார்கள் என்றில்லை. 10,000 பேருக்காகத் திட்டமிட்ட இடத்தில், ஆகஸ்ட் மாதம் 32,000 பேருக்கும் மேல் அடைக்கப்பட்டிருந்தார்கள். குடிக்க, குளிக்க, கழிவு விட எல்லாவற்றுக்கும் ஒரே ஓடை. அது முகாமுக்குள் நுழையும் இடத்தில்தான் தண்ணீர் கொஞ்சமாவது தெளிவாக இருக்கும். டெட் லைன் குறுக்கே போனதும் அங்கேதான். நல்ல தண்ணீருக்காகக் கொஞ்சம் எட்டிக் கை நீட்டியவர்களும் சுடப்பட்டதாக, உயிர்பிழைத்த கைதிகள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அங்கே அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது குண்டு இல்லை, நோயும் பட்டினியும்தான். முகாமின் பொறுப்பாளர் ஹென்றி விர்ஸ், 1865 நவம்பர் 10-ல் வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார். அவர் மீதான குற்றப்பத்திரிகையிலேயே 'டெட் லைன்' இடம்பெற்றிருந்தது.

பிறகு இந்தச் சொல் அச்சகத்துக்குள் வந்தது. அச்சு இயந்திரத்தின் தளத்தில் ஒரு கோடு. அதைத் தாண்டி வைத்த எழுத்து சரியாகப் பதியாது. 1920 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் 'செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரம்' என்ற அர்த்தம் புழங்கத் தொடங்கிவிட்டது. ரிப்போர்ட்டர்களின் புலம்பல் வார்த்தை, அப்படியே எல்லா ஆபீஸுக்கும் பரவியது. (தமிழ்ச் செய்திகளில் இதற்குக் 'கெடு' என்று இரண்டே எழுத்து!)

ஆண்டர்சன்வில் முகாம் இன்று அமெரிக்க அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவிடம். டெட் லைன் போன பாதையைப் புல்வெளியில் வெள்ளைக் கம்பங்கள் நட்டு அடையாளம் காட்டியிருக்கிறார்கள்.