மூளைக்கட்டி – தெரிந்துகொள்வோம், துணை நிற்போம்!



ஜூன் 8 உலக மூளைக்கட்டி தினம். 2000ஆம் ஆண்டு ஜெர்மனியில் தொடங்கிய தினம் இது. நம்ம ஊர்ப்பக்கம் இந்த நோயின் பேரைச் சொன்னாலே, "மூளையிலயா? அப்ப அவ்வளவுதான்" என்று கையை விரிக்கிறார்கள். அது சரியா? வாங்க, பார்ப்போம்.

மூளைக்கட்டி என்றால் என்ன?

மூளையிலோ, அதை மூடியிருக்கும் உறையிலோ செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகித் திரண்டால் அது கட்டி. வயிற்றில் கட்டி வந்தால் வயிறு விரிந்து கொடுக்கும். மண்டை ஓடு விரியாது. அதனால் கட்டி வளர வளர, சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை நெருக்கப்படுகிறது.

அறிகுறிகள்

காலையில் எழும்போதே தலைவலி, கூடவே வாந்தி, நாளுக்கு நாள் வலி கூடுவது, பார்வை மங்குவது, பெரியவர்களுக்குப் புதிதாக வலிப்பு வருவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது. (தலைவலி வந்தாலே கட்டி என்று பயந்துடாதீங்க! பெரும்பாலான தலைவலிக்குக் காரணம் வேறு.)

கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து அறிகுறி மாறும். பின்மண்டையில் இருந்தால் பார்வை கெடும். சிறுமூளையில் இருந்தால் நடை தள்ளாடும். பார்ப்பவர்கள் "குடிச்சிருக்கான்" என்பார்கள். நெற்றிக்குப் பின்னால் இருந்தால் குணமே மாறலாம்.

எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. தினமும் விடியக்காலை ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்ட வேலைக்குப் போறவர். யாரையும் அதிர்ந்து பேச மாட்டார். அவர் திடீர்னு எல்லாரையும் வைய ஆரம்பிச்சார். வலது கை தளர்ந்து தூக்குவாளி நழுவியது. ஊரில் சிலர் "பித்தம்" என்றார்கள், சிலர் "காத்துக்கருப்பு" என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டியதில் இரண்டு மாதம் போயிருச்சு. பிறகு வலிப்பு வந்தது. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோதுதான் இடது முன்மூளைப் பக்கம் கட்டி தெரிந்தது. மூளையின் இடது பாதிதான் வலது கையை இயக்குகிறது! மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. அது உறையில் வளர்ந்த, புற்று அல்லாத கட்டி. பெரியம்மா சொன்னது: "இத்தன நாளும் அவரு வையல, கட்டிதான் வஞ்சிருக்கு."

கட்டி எல்லாம் புற்றுநோயா?

இல்லை. புற்று அல்லாத கட்டிகளும் உண்டு. காசநோயாலும், நாடாப்புழு முட்டை உடம்புக்குள் போவதாலும்கூட மூளையில் கட்டி போலத் தெரியும். இவற்றில் பலவும் மாத்திரையிலேயே குணமாகும். புற்றாக இருந்தால் ஆபரேஷனோடு கதிர்வீச்சு, மருந்து எல்லாம் தேவைப்படலாம். எல்லாருக்கும் முழுக்கக் குணமாகும் என்று சொல்ல முடியாது. ஆனால் சீக்கிரம் போனால் செய்யக்கூடியது அதிகம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டு போகணும்.

உங்களுக்குத் தெரியுமா?

★ 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை. அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார்.

★ 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்ட பெண் அவர்.

நோயாளியைக் கவனிப்பது எப்படி?

1. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் உள்ள கூரான பொருளை அகற்றுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது. அது தானாகத்தான் அடங்கும். வாயில் எதையும் திணிக்காதீர்கள். நினைவு தெளியும்வரை தண்ணீர் கூடாது. 5 நிமிடத்துக்கு மேல் போனால் உடனே 108.

2. வலிப்பு மாத்திரையையும் வீக்கம் குறைக்கும் மாத்திரையையும் "நல்லாத்தானே இருக்கு" என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்கணும்.

3. தனியாகக் கிணற்றடி, வாய்க்கால், அடுப்புப் பக்கம் விடாதீர்கள். வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

4. சாப்பாட்டை நிமிர்ந்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

5. மறந்து போனாலும், கோபப்பட்டாலும் எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

6. இது தொற்றுநோய் அல்ல. பக்கத்தில் உட்காரலாம், கை பிடிக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம்.

7. ராத்திரி பகலாகக் கவனிப்பவருக்கும் ஓய்வு வேண்டும். ஒரு மணி நேரம் நாம் பார்த்துக்கொண்டால் அவர் தூங்குவார். இதை நம்ம வயசுப் பிள்ளைகளே செய்யலாம்!

நண்பர்களே, ஒருவரின் குணம் திடீரென்று மாறினால் "கிறுக்கு" என்று பட்டம் கட்டாதீர்கள். கேலி பேசும் நேரத்தில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

கயிறு கட்டும் முன் ஸ்கேன் எடுப்போம்!

– 10ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி