ஏலக்காய் சாகுபடி: விலை உயர்ந்தால் லாபம் உறுதியா?

இடுக்கி: தமிழக எல்லையை ஒட்டிய கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், அதிக வருவாய் தரும் பயிராக ஏலக்காய் கருதப்படுகிறது. எனினும், விலை உயரும்போதெல்லாம் விவசாயிகளின் லாபமும் உயர்வதில்லை.

இடுக்கியின் புத்தடியிலும், தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. 2018-ஆம் ஆண்டு பெருவெள்ளத்தாலும் அடுத்து வந்த கோடை வறட்சியாலும் விளைச்சல் குறைந்த நிலையில், 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்கு விலைபோனது. ஆனால், அப்போது பலரிடம் விற்பதற்குப் போதிய காய் இல்லை. வரத்து அதிகரித்த பின்னர், 2022-இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழ் சரிந்தது. ஏலக்காய் உற்பத்தியில் முன்னணி நாடான குவாதமாலாவின் விளைச்சலும் விலையைப் பாதிக்கிறது.

விலை குறைந்தாலும் செலவு குறைவதில்லை. நடவு செய்து மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் முறையான மகசூல் தொடங்கும். முதிர்ந்த காய்களைத் தொழிலாளர்கள் பல சுற்றுகளாகக் கையால் பறிக்க வேண்டும். சுமார் 5 கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். உரம், பூச்சி மருந்து, பாசனம், கூலி ஆகியவையும் சேரும்.

எனவே, ஓர் ஆண்டின் உச்ச விலையைக் கொண்டு அல்லாமல், பல ஆண்டுகளின் சராசரி விலை, மகசூல், செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டே இப்பயிரின் லாபத்தை மதிப்பிட முடியும்.